மூலையில் இருபத்தேழு டிகிரி

என் மகன் என்னை ஒரு கம்ப்யூட்டருக்குள் போட்டு வைத்திருந்தான். அடைத்து வைத்துவிட்டான் என்று யாரும் போலீசுக்குப் போக வேண்டாம், நானும் சம்மதித்துத்தான் இருந்தேன். திரையின் மேல் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி வரும்படி செய்திருந்தான். கம்ப்யூட்டருக்குள்ளே ப்ராசஸர் என்று ஒரு வில்லை இருக்கிறதாம். அதுதான் அதற்கு மூளையாம். அந்த மூளை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அந்த வரி சொல்லும். வெறும் எண்ணைப் போட்டால் போதாதா? அவனுக்குப் போதாது. சூடு குறைவாக இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ‘அம்மா சிரிக்கிறாங்க’ என்று வரும். கொஞ்சம் ஏறினால் ‘அம்மா முணுமுணுக்கிறாங்க’. நன்றாக ஏறிவிட்டால் சிவப்பு எழுத்தில் ‘அம்மா கொதிக்கிறாங்க, ஓடிடு’.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எதையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்த மூன்று வரியை மட்டும் பேருந்தின் எண்ணைப் பார்ப்பது போலத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அவன் விடுமுறை நாளில் எதையாவது ஓடவிட்டு, உள்ளிருந்து குரல் கொடுப்பான். “யம்மா, நீ கொதிக்கிறே, வந்து பாரு.” நான் கையில் கரண்டியோடு போய் நிற்பேன்.

“அது கொதிச்சா உள்ள ஃபேன் சுத்துது. நான் கொதிச்சா எவன்டா சுத்துறான்?” என்று கேட்பேன்.

உடனே ஒரு விசிறியை எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வருவான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான பிறகும் சுற்றினான்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை அவனுக்கு. எல்லோரும் ஒரு மாதிரி கம்ப்யூட்டர் வைத்திருந்தால் இவனுடையது மட்டும் வேறு ஜாதி. லினக்ஸ் என்பான். அதில் எதுவுமே தானாக நடக்காது, எல்லாவற்றையும் நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பெருமையாகச் சொல்வான். உங்கப்பன் மாதிரி என்று நான் சொல்வேன். அவன் அப்பா ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். குவார்ட்டர்ஸை விட்டு வரும்போது ஆவடி சேக்காட்டில் இந்த ஃப்ளாட்டை வாங்கினார், பால் காய்ச்சினார், அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு மகன்தான்.

மகன் போனது ஒரு ஐப்பசி மழையில். நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தவன், கேஸ் என்றான். தெருமுனைக் கடையில் சோடா குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, பார்த்தியா போயிடுச்சு என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து வியர்த்துக் கொட்டியபோதும் சிரித்துக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினான். அதற்கு மேல் சொல்ல எனக்கு வராது.

காரியம் முடிந்த மறுநாளே நான் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டேன். துக்கம் கேட்க வந்த ஒரு அம்மாள் பெரிதாக ஒப்பாரி வைத்தபோது, மெதுவா அழும்மா, கீழ் வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சண்டைக்கு வருவார்கள் என்றேன். அவள் வெளியே போய், கிழவிக்குக் கல் நெஞ்சு என்று சொன்னாளாம். சொல்லட்டும். வீட்டில் மருமகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பேத்தி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். ஒருத்தியாவது பல்லைக் காட்டாவிட்டால் குழந்தை எதைப் பார்த்துச் சோறு தின்னும்?

மருமகளுக்குக் கோவில்பட்டிப் பக்கம். புருஷனை ‘அவுக’ என்பாள். அவுக சாப்பிட்டாச்சா, அவுக வந்தாச்சா. இந்த அவுக எவுக என்று நான் கேலி செய்வேன். கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தவள். அவன் போன பிறகு, பூந்தமல்லியில் உள்ள ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டித் தரும் வேலையை எடுத்தாள். ஸ்டுடியோக்காரர் பைக்கில் வந்து, எடுத்த படமெல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்கைக் கொடுப்பார். இவள் மகனுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தாலி கட்டுவதை வைத்துக்கொண்டு, பெரியப்பா கொட்டாவி விடுவதை வெட்டுவாள். வெட்டி ஒட்டியதை எல்லாம் கடைசியில் ஒரே படமாகச் சேர்க்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் உழைக்கும். ராத்திரி அதை ஓட விட்டுப் படுத்தால் காலையில் படம் தயாராக இருக்கும்.

அந்தக் குளிர் மாதங்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பங்குனி வெயில் ஏறியதும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. படம் பாதி சேர்ந்திருக்கும்போது பட்டென்று அணைந்துவிடும். ஒரு சத்தம் கிடையாது, ஒரு எச்சரிக்கை கிடையாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, வாரம் தவறாமல் போன் செய்வார். கெட்ட மனிதர் இல்லை. தனியாக ஏன் கஷ்டப்படுகிறாய், அந்த வேலை நிற்கிற அன்றைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்தால் ஒன்றாம் வகுப்பு இங்கேயே சேர்த்துவிடலாம் என்பார். வேலை இருக்கும்வரை இங்கே இருக்கிறேன் என்று இவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் எனக்குக் கணக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. மேஜைக்கு அடியில் இருக்கும் அந்த டப்பா ஓடினால் என் பேத்தி இந்த வீட்டில் இருப்பாள். அது நின்றால் இருக்க மாட்டாள்.

ஆகவே அதற்கு நான் செய்யாத உபசாரம் இல்லை. கரண்ட் ஏற்ற இறக்கம் என்றார்கள், பேட்டரி வைத்தோம். உள்ளே கரண்ட் வாங்கும் பெட்டி போயிருக்கும் என்று ஒரு கடைக்காரர் அதை மாற்றிக் கொடுத்தார். அப்போதும் அணைந்தது. நான் ஒரு எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்துத் தொங்கவிட்டேன். கல்லுப்பு சுற்றிப் போடப் போனபோது மருமகள் ஓடி வந்து, உள்ளே ஒரு கல் விழுந்தாலும் அவ்வளவுதான் அத்தே என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சூடாக இருக்குமோ என்று அந்தக் கடைக்காரரும் கேட்டார்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரையின் மூலையைப் பார்த்தோம். இருபத்தேழு டிகிரி. அம்மா சிரிக்கிறாங்க.

“எம் புள்ள எழுதினது பொய் சொல்லாதுப்பா” என்று நான் சொன்னேன். மருமகளும் தலையாட்டினாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சித்திரை மாதத்தில் ஆவடியில் ஓர் இடம் இருபத்தேழு டிகிரியில் இருந்தால் அதை பிளாட் போட்டு விற்றிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அதே அறையில் ராத்திரி பகலாக ஓடும் இரும்பு டப்பா மட்டும் ஊட்டியில் இருக்கிறது என்று நம்பினோம். நம்பினோம் என்பதுகூடச் சரியில்லை. அவன் எழுதிய வரி தப்பாக இருக்கும் என்று நினைக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

கடைசியாக வந்தது நசரத்பேட்டையில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் வெளிநாடு போகிறார்கள், போவதற்கு முன்னால் வீடியோ கையில் வேண்டும். அதையும் அது பாதியில் போட்டுவிட்டது. ஸ்டுடியோக்காரர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன் அம்மா, உனக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம் என்றார். திங்கட்கிழமை வரை பொறுங்கள் என்று இவள் கெஞ்சி வாங்கினாள். அதே நாளில் சம்பந்தியும் போன் செய்து, ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் நான் அரைத்த மாவை வழித்து குண்டானில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மருமகள் படத்தைச் சேர்க்க விட்டுவிட்டு, அது எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. சும்மா ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“அத்தப் போயி மொறைக்காதம்மே. மார்கழில எனக்கு ஒழுங்கா வேல செஞ்ச ஒரே ஜீவன் அதான். அதுக்குப் பின்னால மாவ வெச்சா விடியறதுக்குள்ள பொங்கி வழிஞ்சிடும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் பக்கம் தண்ணீரோ சோறோ போகக்கூடாது என்பது என் மகன் போட்ட சட்டம். மார்கழிக் குளிரில் மாவு புளிக்காது. அதனால் இவர்கள் தூங்கிய பிறகு குண்டானை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, இவர்கள் எழுவதற்குள் எடுத்துவிடுவேன். இத்தனை நாள் அது எனக்கும் டப்பாவுக்கும் இடையில் இருந்த ரகசியம்.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. தலையை நிமிர்த்தி, எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். பின்னால் சல்லடை மாதிரி ஓட்டை இருக்கிறதே, காற்று வருமே, அங்கே என்றேன். அந்தக் காற்று சூடாக வருமா என்று கேட்டாள். பச்சைக் குழந்தைக்கு ஒத்தடம் கொடுக்கலாம், அவ்வளவு இதமாக வரும் என்றேன்.

அவள் மேஜைக்கு அடியில் குனிந்து அந்த ஓட்டையின் மேல் கையை வைத்தாள். வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து திரையின் மூலையைப் பார்த்தாள். இருபத்தேழு. அம்மா சிரிக்கிறாங்க.

“அப்ப இது என்னத்த அத்தே காட்டுது?” என்றாள்.

அவள் போனில் ஒரு கூட்டம் இருக்கிறது, லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்கும் இடம். என் மகனும் அதில் இருந்தவன்தான். அங்கே கேட்டாள். முகம் தெரியாத யாரோ பதில் போட்டார். அவர் சொன்னபடி கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரு சொல்லைத் தட்டினாள். அப்படி ஒன்று இங்கே இல்லை, வேண்டுமானால் இறக்கிக்கொள் என்றது. இறக்கினாள். மறுபடி தட்டியதும் ஒரு பட்டியல் வந்தது. டப்பாவுக்குள் அங்கங்கே சூடு பார்க்கும் சென்சார் இருக்கிறதாம். ஒவ்வொன்றும் தன் பேரைச் சொல்லி, தன் சூட்டைச் சொன்னது. அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

முதலில் இருந்தது மதர்போர்டு என்கிற அடிப் பலகையின் சென்சார். இருபத்தேழு. எத்தனை முறை தட்டினாலும் இருபத்தேழு. அது பிறந்ததிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது, சில உத்தியோகஸ்தர்கள் மாதிரி. கடைசியில் இருந்தது ப்ராசஸர். தொண்ணூற்றாறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்றெட்டு. நூறைத் தொட்டால் வெந்து போகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே அணைந்துவிடுமாம்.

இரும்புக்கு அந்தப் புத்தியை வைத்திருக்கிறார்கள். மனுஷனுக்கு வைக்கவில்லை.

அவள் அவசரமாகப் படம் சேர்ப்பதை நிறுத்தினாள். பிறகு என் மகன் எழுதி வைத்த சின்ன நிரலைத் தேடித் திறந்தாள். மூலையில் அந்த வரியை வரவழைப்பது அதுதான். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்றாலும், நடுவில் தமிழில் மூன்று இடத்தில் ‘அம்மா’ என்று இருந்தது தெரிந்தது. விஷயம் என்னவென்றால், அவன் ‘இரண்டாம் நம்பர் சென்சாரைப் போய்க் கேள்’ என்று எழுதியிருந்தான். அவன் எழுதிய அன்றைக்கு இரண்டாம் நம்பர் ப்ராசஸருடையது. கார்த்திகையில் கம்ப்யூட்டர் ஏதோ அப்டேட் கேட்டிருக்கிறது, இவளும் சரி என்று அமுக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு நம்பரெல்லாம் மாறிப்போய், இரண்டாம் நம்பர் அந்தச் சோம்பேறிப் பலகைக்குப் போய்விட்டது.

எனக்கு இது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் கதவு நம்பரை மாற்றி, பழைய நம்பர் புது நம்பர் என்று இரண்டையும் எழுதி வைத்தபோது, எங்கள் கேஸ் சிலிண்டர் பல மாதம் பின் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நம்பரை நம்பி வந்தவன் எல்லாம் வேறு வீட்டு வாசலில் நிற்பான். ஆளின் பேரைச் சொல்லிக் கேட்டவன்தான் வந்து சேர்வான்.

“அவுக நம்பர எழுதிட்டாக அத்தே. பேர எழுதியிருக்கணும்” என்றாள் மருமகள்.

சொன்னாளே தவிர கை அசையவில்லை. விசைப்பலகையின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. பேத்தி ஓடி வந்து அவள் மடியில் ஏறப் பார்த்தது, நான் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

“அவுக எழுதுனதுல நான் எப்படிக் கை வைக்க?”

எனக்கும் அதைத் தொட மனசில்லை. ஆனால் இரண்டு பேரும் நின்றுவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடும்.

“அவன் இருக்கச் சொல்லோ, கொழம்புல உப்பு இல்லன்னா போட்டுத்தானே குடுத்தே. இதுலயும் போடு” என்றேன்.

அவள் அந்த வரியை அழிக்கவில்லை. அதன் முன்னால் குறுக்கே இரண்டு கோடு நெடுக்கே இரண்டு கோடு போட்ட ஒரு குறியை மட்டும் வைத்தாள். அது முன்னால் இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம், நாம் மட்டும் படித்துக்கொள்ளலாமாம். அவன் வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே தன் கையால் புது வரி எழுதினாள், பேரைச் சொல்லித் தேடும்படி. பிறகு சோதிக்க வேண்டும் என்று படத்தைச் சேர்க்கும் வேலையைத் திரும்ப ஓட விட்டாள்.

மூலையில் இருபத்தேழு போனது. எண் ஏறியது. எழுத்து சிவந்தது. அம்மா கொதிக்கிறாங்க, ஓடிடு.

ஐப்பசிக்குப் பிறகு அந்த வரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாவுக் கரண்டி கையில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தேன். நான் கொதிக்கிறேன் என்று கூப்பிட ஆள் இல்லை.

அதற்குப் பிறகு டப்பாவைத் திறந்தோம். அவள் திருப்புளியால் பக்கத் தகட்டைக் கழற்றினாள், நான் டார்ச் அடித்தேன். உள்ளே ப்ராசஸர் மேல் ஒரு சின்ன ஃபேனும் அதன் அடியில் சீப்புப் பல் மாதிரி தகடுகளும் இருக்கும். ஒரு பல்கூடத் தெரியவில்லை. பழைய ஹோட்டல் புகைக்கூண்டு மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. அவள் விரலால் வழித்து மோந்து பார்த்தாள். என் பக்கம் நீட்டினாள். சாம்பிராணி வாசனை.

மகன் படம் அந்த மேஜைக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. அவன் உட்கார்ந்த இடம் என்று அங்கே மாட்டினோம். தினமும் ஒரு விளக்கு. வெள்ளிக்கிழமை தோறும் தணலில் சாம்பிராணி போட்டுப் படத்துக்குக் காட்டி, அவன் நாற்காலியைச் சுற்றி, மேஜைக்கு அடியிலும் காட்டிவிட்டு வருவேன். கீழே ஒரு ஃபேன் அத்தனை புகையையும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

“நான் அவனுக்குன்னு காட்டிகினு கீறேன். எல்லாத்தையும் இது வாங்கி முழுங்கிகினு கீது” என்றேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குக் கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் டார்ச்சை அணைக்கவில்லை. அது வேலைக்கு வேண்டும்.

குத்துவிளக்கு தேய்க்க வைத்திருந்த பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தோம். அந்தத் தகடுகளுக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் ஒரு பசை இருக்க வேண்டுமாம், சூட்டை மேலே கடத்திவிட. அது உரலில் காய்ந்த சந்தனம் மாதிரி பொருக்குத் தட்டியிருந்தது. ஆவடி மார்க்கெட்டுப் பக்கம் போய் ஒரு சின்னக் குழாய் பசை வாங்கி வந்தாள். ஒரு மிளகளவு வைத்து அமுக்கி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள். விளக்கும் படமும் கூடத்துக்கு மாறின.

படம் சேர ஆரம்பித்தது. எண் ஏறியது, ஏறியது, எழுபதுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. அம்மா முணுமுணுக்கிறாங்க. நாங்கள் சோறு தின்றோம், பேத்திக்குத் தலை பின்னினோம், துணி மடித்தோம். ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் மூலையைப் பார்த்தோம். பொழுது சாய்வதற்குள் கல்யாணம் முழுதாகச் சேர்ந்து முடிந்தது.

ஸ்டுடியோக்காரர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து வாங்கிப் போனார். என்ன கோளாறு என்று கேட்டார். மாமியார் புகை போட்டதை மருமகள் சொல்லவில்லை, சூடு என்று மட்டும் சொன்னாள். அவருக்குச் சந்தோஷம். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “மெஷின் நல்லா ஆயிடுச்சின்னா நீ எங்க குந்திகினு செஞ்சாலும் எனக்கு ஒண்ணுதாம்மா. ஹார்ட் டிஸ்க்க தூக்கிகினு நான் அலைய வாணாம், எல்லாம் நெட்லயே அனுப்பிக்கலாம்.”

நல்லதுக்குத்தான் சொன்னார். இவளும் நல்ல சேதி என்றுதான் அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொன்னாள். வேலை போகவில்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லிவிட்டாராம் என்றாள். சம்பந்தி நிதானமாகக் கேட்டார், அப்படியென்றால் இங்கிருந்தே செய்யலாமே அம்மா என்று.

நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டார்ச் பிடித்தவள் நான். பிரஷ் தேடிக் கொடுத்தவள் நான். டப்பா ஓடினால் இவர்கள் இருப்பார்கள் என்று நான் போட்ட கணக்கு, ஓடுகிற டப்பாவைத் தூக்கிக்கொண்டும் போகலாம் என்பதை விட்டுவிட்டது.

அவள் சட்டென்று முடிவெடுக்கவில்லை. சித்திரை போய் வைகாசி பிறந்தது. ஒரு நாள் நான் தோசை ஊற்றும்போது அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றாள். நீங்களும் வந்துவிடுங்கள் என்றாள். சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போகலாம், குடியிருக்கப் போக முடியுமா? உங்க ஊர்த் தண்ணீருக்கு இருக்கிற நாலு பல்லும் கொட்டிவிடும் என்றேன். அவள் நகரவில்லை.

“நீங்க ‘இரு’ன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துருதேன் அத்தே.”

தோசையைத் திருப்பிப் போட்டேன். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அங்கே அப்பா, அம்மா, தம்பி, பேச்சுத் துணைக்கு ஒரு தெருவே இருக்கிறது. இங்கே ஒரு படமும் ஒரு கிழவியும். அவள் போகட்டும் என்று நான் மனசார நினைத்தேன் என்று சொன்னால் பொய். இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. முழுங்கிவிட்டேன்.

“போம்மே. உன் அவுக இவுக கேட்டு கேட்டு எங் காது புண்ணாப் பூட்ச்சி. நீ போனீன்னா நான் காலு நீட்டிகினு டிவி பாப்பேன்” என்றேன்.

“உண்மையாத்தான் சொல்லுதீங்களா?”

“நான் என்னிக்கு உங்கிட்ட பொய் சொல்லிகீறேன்?”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூலையில் இருந்த வரியை நம்பாமல் தகட்டைக் கழற்றிப் பார்த்தவள் அவள். அன்றைக்கு நம்பிவிட்டாள். நம்பினாளோ, நம்பியதாகக் காட்டினாளோ, எனக்குத் தெரியாது. அவளுக்கும் பெற்ற வீடு வேண்டும்.

கம்ப்யூட்டரை என் பழைய நூல் சேலை ஒன்றில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றினோம். எழும்பூரில் ரயில் ஏறும்போது மற்ற மூட்டையெல்லாம் மேலே போட்டுவிட்டு அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். பேத்தி ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு, ஆயா நீ எப்போது வருவாய் என்று கேட்டது. நான் மருமகளைப் பார்த்து, அங்கே போயாவது அதற்குச் சாம்பிராணி காட்டாதே என்றேன். ரயில் அதற்குள் நகர்ந்துவிட்டது. அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

இப்போது சாயங்காலத்தில் வீடியோவில் கூப்பிடுகிறார்கள். பேத்திக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. போனைத் திரையின் மூலைக்கு நேராகத் திருப்பி, நிறுத்தி நிறுத்தி வாசிக்கும். பெரும்பாலும் முணுமுணுப்புதான். கல்யாண மாதத்தில் ஒரு நாள் அது குதித்தது.

“ஆயா, நீ கொதிக்கிறே. ஓடிடு.”

“நான் எங்க ஓடுறது கண்ணு, முட்டி வலிக்குது” என்றேன். அது விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் மருமகள் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று போனைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டேன்.

இது மார்கழி. ஒரு ஆளுக்கு கிரைண்டர் எதற்கு என்று மிக்சியில் கொஞ்சமாக அரைக்கிறேன். மேஜை அப்படியே இருக்கிறது. அதற்கு அடியில் டப்பா இருந்த இடத்தில் சதுரமாக ஒரு தடம், எத்தனை துடைத்தாலும் போகவில்லை. ராத்திரி குண்டானை அங்கேதான் தள்ளி வைக்கிறேன். இனி திட்ட ஆள் இல்லை என்று தெரிந்தும் சத்தம் போடாமல்தான் தள்ளுகிறேன். காலையில் மூடியைத் திறந்தால் ஊற்றின அளவிலேயே கிடக்கிறது. தோசை வறட்டி மாதிரி வருகிறது.

சாப்பிட்டீங்களா அத்தே, மாவு புளிக்குதா இந்தக் குளிருக்கு என்று நேற்று மருமகள் கேட்டாள்.

பொங்கி வழியுதும்மே, தொடச்சி மாளல என்றேன்.